பாலத்தின் மேல் அணைந்த வலது விளக்கு

ஒரு லாரியின் பின்விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை அந்த லாரியை ஓட்டுகிறவரால் பார்க்க முடியாது. டாஷ்போர்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கும். அதை நம்பித்தான் அவர் வண்டியைத் திருப்புகிறார். இருபது வருஷம் ராணுவத்திலும், அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் தஞ்சாவூரில் சொந்தக் கடையிலும் வண்டிகளுக்கு மின்வேலை பார்த்தவன் நான். இந்த விஷயத்தை முழுசாக உணர்ந்தது என்னவோ கடையை விடுவதற்கு முந்தைய வருஷம்தான்.

என் கடையை இப்போது கலையரசி நடத்துகிறாள். மன்னார்குடிக்காரி, டிப்ளமோ படித்தவள், என்னிடம் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். போன மாதம் கடைப் பக்கம் போயிருந்தபோது ஒரு புது லாரியில் கையடக்கமான கருவி ஒன்றைச் சொருகிக்கொண்டிருந்தாள். அதன் திரையில், பின்பக்க இடது விளக்கில் கோளாறு என்று எழுத்து வந்தது.

"இப்ப வண்டியே சொல்லிடுது சார், எந்த விளக்கு போச்சுன்னு" என்றாள். "அந்தப் பட்டுக்கோட்டை மிலிட்டரி வண்டி விஷயத்தை நீங்க எழுதி வைக்கணும். நான் சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில். அப்பாவுக்குக் குத்தகை நிலம். மூன்று பிள்ளைகளில் கடைசி நான். பத்தாவது முடித்ததும் ஆள் எடுப்புக்குப் போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள். வண்டி மின்வேலைப் பிரிவில் ஒன்றரை வருஷப் பயிற்சி. அதில் படித்த எல்லாவற்றையும் எங்கள் ஊர் வயலை வைத்தே சொல்லிவிடலாம். வயலுக்குத் தண்ணீர் வர வாய்க்கால் வேண்டும், வந்தது போக வடிகால் வேண்டும். மின்சாரமும் அப்படித்தான். பேட்டரியிலிருந்து வயர் வழியாக விளக்குக்குப் போகும், விளக்கிலிருந்து வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். எர்த் அடைபட்டால் மின்சாரம் வந்து நின்றபடி நிற்கும், விளக்கு எரியாது. அல்லது பக்கத்து விளக்கு வழியாகப் புகுந்து வெளியேறப் பார்க்கும். அப்போதுதான் வண்டியில் பேய் பிடித்தது போல என்னென்னவோ நடக்கும்.

பதினைந்து வருஷ சர்வீஸ் ஆனபோது வடக்கே ஒரு மலைமுகாம் பணிமனையில் இருந்தேன். அங்கே எங்களுக்குப் பொறுப்பதிகாரியாக வந்து சேர்ந்தவர் கேப்டன் இந்திராணி போரா. அசாம்காரர். அவருக்கு வயது இருபத்தாறு, எனக்கு முப்பத்து மூன்று. பெண் அதிகாரியின் கீழே வேலை பார்ப்பது எங்களில் ஒருவருக்கும் பழக்கமில்லை. முதல் வாரம் முழுவதும் அவர் எதிரில் விறைப்பாக நின்றோம், அவர் போனதும் சிரித்துக்கொண்டோம். மெலிந்த உடம்பு. பேச்சு மிக மெதுவாக இருக்கும். என்ன சொல்கிறார் என்று கேட்க எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வரவேண்டியிருக்கும். அதை அவர் தெரிந்தே செய்தாரோ என்று பிறகு நினைத்திருக்கிறேன்.

அந்தச் சமயம் பணிமனையில் ஒரு பழைய மூன்று டன் லாரி பதினைந்து நாளாக நின்றுகொண்டிருந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் வலது பக்கத்துச் சிவப்பு விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுக்கும். நாங்கள் மூன்று எலக்ட்ரீஷியன்கள் மாற்றி மாற்றிப் பார்த்தோம். சுவிட்சை மாற்றினோம். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் ஃபிளாஷரை மாற்றினோம். பல்புகளை மாற்றினோம். ஒரு நாள் சரியாக இருக்கும், மறுநாள் பழையபடி ஆகிவிடும். மலைப்பாதையில் வண்டிகள் வரிசையாகப் போகும்போது முன்வண்டியின் விளக்குதான் பின்வண்டிக்குக் கண். தப்பான விளக்கோடு ஒரு வண்டியை அனுப்பினால் பின்னால் வருகிறவன் பள்ளத்தாக்கில் கிடப்பான்.

கேப்டன் வந்து பார்த்தார். நான் வழக்கம்போல் ஸ்குரூ டிரைவரோடு பின்விளக்குப் பக்கம் போனேன்.

"தொடாதீங்க" என்றார். இந்தியில்தான் பேசுவார், நான் நம் பேச்சில் எழுதுகிறேன். "தொட்டா சரியாயிடும்."

"சரியானா நல்லதுதானே மேடம்?"

"எது சரியாச்சுன்னு தெரியாம சரியானா, நாளைக்கு மலையில போய்த் திரும்பக் கெடும்."

முதலில் டிரைவரைக் கூப்பிட்டார். அவர் ஒரு ராஜஸ்தான்காரர். வந்ததும் வராததுமாக, சுவிட்ச் கோளாறு மேடம் என்று ஆரம்பித்தார். கேப்டன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்ன கோளாறுன்னு நீங்க சொல்லவேண்டாம். என்ன பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. எப்போ பார்த்தீங்க, எங்கே பார்த்தீங்க, வண்டியில என்ன ஏத்தியிருந்தது, மழையா வெயிலா, எல்லாம் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல, சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நடுவில் நான் ஒரு வார்த்தையைத் திருத்தப் போனேன். என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒரு காலிப் பெட்டியை இழுத்து வண்டிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். டிரைவரை ஏறச் சொன்னார். இடது இண்டிகேட்டர். வலது இண்டிகேட்டர். பிரேக் மட்டும். பிரேக்கோடு இடது. பிரேக்கோடு வலது. சிவப்பு விளக்கு மட்டும். சிவப்பு விளக்கோடு இடது. இப்படி ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி, எந்த விளக்கு எரிகிறது, எது அணைகிறது, எது மங்குகிறது என்று லாரியின் பின்கதவிலேயே சாக்பீஸால் கட்டம் போட்டு எழுதினார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். குளிரில் எங்கள் மூக்கு மரத்துப்போயிருந்தது. எழுதி முடித்ததும் எழுந்து நான்கடி பின்னால் போய் நின்று, கோலத்தைப் பார்க்கிற மாதிரி அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இடது பின்விளக்கு. எர்த் இல்லை. இப்ப திறங்க" என்றார்.

அதுவரை ஒரு திருகாணிகூடக் கழற்றவில்லை. மீட்டரைக்கூட வெளியே எடுக்கவில்லை. நான் விளக்கைக் கழற்றினேன். அதை லாரியின் இரும்புச் சட்டத்தோடு சேர்க்கும் போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பெயின்ட் தடிமனாக இருந்தது. அணிவகுப்புக்காக வண்டிகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது விளக்கைக் கழற்றி, அடியிலும் அடித்து, அதன்மேல் முடுக்கிவிட்டார்கள். இரும்பும் இரும்பும் தொடவில்லை. வடிகாலில் மண்ணைப் போட்டு மூடியது மாதிரி. பெயின்ட்டைச் சுரண்டிப் போல்ட்டை முடுக்கினேன். லாரி குணமாகிவிட்டது.

பதினைந்து வருஷம் இந்த வேலை பார்த்திருக்கிறேன். நான் கழற்றிக் கழற்றித் தேடியதை, அவர் உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களில் யாரும் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கவில்லை.

அவர் கணிப்பும் தப்பியது உண்டு. ஒரு ஜீப்பில் டைனமோ பழுது என்று சொன்னார், கழற்றிப் பார்த்தால் அது நன்றாக இருந்தது. அன்றைக்கு வேலைச்சீட்டில், 'என் கணிப்பு தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் சுபேதார் தயங்கித் தயங்கி, பென்சிலில் எழுதினால் பிறகு அழித்துக்கொள்ளலாமே மேடம் என்றார். கேப்டன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டி எது என்று கேட்டார்.

இரண்டு வருஷத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்று வந்து தஞ்சாவூரில் கடை போட்டேன். டிராக்டர், அறுப்பு இயந்திரம், மினி பஸ் என்று எல்லாம் வரும். பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்யும் பூங்கோதையின் லாரியும் அப்படி வந்ததுதான். அவர் மாமனார் ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய லாரி. கணவர் சிங்கப்பூரில் இருந்ததால் வியாபாரத்தைப் பூங்கோதையே பார்த்துக்கொண்டார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால் மழைக்காலத்தில் மற்ற லாரிகள் சிக்கிக்கொள்ளும் தோப்புக்குள் அது போய்வரும். இரும்பு உடம்பு துருப்பிடித்துப்போனதால், பின்பக்கத்தை மட்டும் மரத்தில் கட்டியிருந்தார்கள். ஓட்டுகிறவர் முருகையன். ஐம்பது வயது. அதிகம் பேசாதவர்.

ஓர் ஐப்பசி மாதம், காலை பதினோரு மணிக்குப் பூங்கோதை போன் செய்தார்.

"அண்ணே, நம்ம மிலிட்டரி வண்டியில ஒரு பையன் மோதிட்டாண்ணே. கால் போயிரும்போல இருக்கு. முருகையனைப் போலீஸ்ல உட்கார வச்சிருக்காங்க."

நடந்தது இது. மன்னார்குடி சாலையில் ஒரு வாய்க்கால் பாலம். பாலத்தைத் தாண்டியதும் வலது பக்கம் கரைச்சாலை பிரியும். முருகையன் தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்து, பாலத்தின்மேல் வேகத்தைக் குறைத்து வலது பக்கம் திரும்பினார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தினேஷ் என்ற இருபத்தாறு வயது இளைஞர், லாரியை வலப்பக்கமாக முந்தப் போய் மோதிவிட்டார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. சிங்கப்பூர் வேலைக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது அவருக்கு.

முருகையன் இண்டிகேட்டர் போட்டேன் என்றார். தினேஷ் இண்டிகேட்டர் எரியவில்லை என்றார். வாகன ஆய்வாளர் வந்து வண்டியைச் சோதித்தார். எல்லா விளக்கும் நன்றாக எரிந்தன. அப்படியானால் முருகையன் போடவில்லை, இப்போது பொய் சொல்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அலட்சியமாக ஓட்டியதாக வழக்கு. உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். லாரியைப் பூங்கோதையின் தேங்காய்க் களத்தில் கொண்டுவந்து விட்டார்கள்.

நான் பஸ் பிடித்துப் பட்டுக்கோட்டை போனபோது முருகையன் ஜாமீனில் வந்து களத்து ஓரம் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம்.

"சத்தியமா போட்டேன் சார். பச்சை விளக்கு அடிச்சிச்சு, பார்த்துட்டுத்தான் திருப்புனேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வீட்டுல அவளே கேக்குறா, போடலைன்னா போடலைன்னு ஒத்துக்கங்களேன்னு. நாலு நாளா யோசிச்சு யோசிச்சு, போட்டேனா போடலையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு சார்."

இருபத்தெட்டு வருஷம் ஓட்டிய மனிதர். தன் கையையே நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சாவியைப் போட்டு வலது இண்டிகேட்டரைத் தள்ளினேன். முன்னால் எரிந்தது. பின்னால் எரிந்தது. இருபது நிமிஷம் அப்படியே அடிக்க விட்டேன். ஒரு குறையும் இல்லை. ஸ்குரூ டிரைவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கையை அங்கே கொண்டுபோனேன், எடுக்கவில்லை. டிரைவர் பார்த்ததைக் கேட்டாயிற்று. வண்டிக்குப் பின்னால் இருந்து பார்த்தவர் இன்னொருத்தர் இருக்கிறார். அவரை யாராவது சரியாகக் கேட்டார்களா?

மறுநாள் தஞ்சாவூரில் தினேஷ் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலிலேயே அவர் அப்பா மறித்தார். நெல் விவசாயி. வேட்டியில் வயல் சேறு காய்ந்திருந்தது.

"லாரிக்காரங்க அனுப்புன ஆளா நீங்க?"

"அந்த லாரிக்கு விளக்கு வேலை பார்த்தவன் நான். என் வேலையில தப்பு இருக்கான்னு பார்க்கணும். உங்க மகன் என்ன பார்த்தாருன்னு அவர் வாயால கேக்கணும். வேற ஒண்ணும் பேச மாட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விலகினார்.

காலில் கம்பிகளோடு தினேஷ் படுத்திருந்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு, "தம்பி, லாரி என்ன செஞ்சுதுன்னு சொல்லவேண்டாம். பின்னாடி இருந்து உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"லாரி பாலத்துல ஸ்லோ ஆச்சு சார். இடது பக்கம் மட்டும் சிவப்பு எரிஞ்சுது. வலது பக்கம் ஒண்ணுமே இல்ல, இருட்டா இருந்துச்சு. சரி, இடது பக்கமா ஓரங்கட்டுறாருன்னு நெனச்சு வலது பக்கம் ஏறுனேன்."

"பிரேக் போட்டா ரெண்டு பக்கமும்ல எரியும்?" என்று கேட்டேன்.

"அதத்தான் போலீஸ்லயும் கேட்டாங்க. நான் பார்த்தது ஒரு பக்கம்தான்."

அப்பா குறுக்கிட்டார். "அடிபட்ட மயக்கத்துல பேசுறான்னு அவங்க எழுதிக்கவே இல்ல. நானும், சும்மா இருடான்னு சொல்லிட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. வலது பின்விளக்கில் மூன்று விளக்குகள் இருக்கின்றன. சிவப்பு, பிரேக், இண்டிகேட்டர். மூன்றுக்கும் திரும்பும் வழி ஒன்றுதான். அந்த ஒரு எர்த் போய்விட்டால், பிரேக் போட்டபடி இண்டிகேட்டரும் போடும்போது வலது பக்கத்தில் பிரேக்கும் எரியாது, இண்டிகேட்டரும் எரியாது. இடது பக்கத்துப் பிரேக் மட்டும் சிவப்பாக எரியும். இவர் சொல்வது அச்சு அசலாக அதுதான். மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர், ஒரு கண நேரம் பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்ல நினைத்திருந்தால்கூட இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது. முருகையனும் பொய் சொல்லவில்லை. இண்டிகேட்டர் போட்டதும் எரியாததும் இரண்டுமே உண்மை.

ஆனால் களத்தில் எரிந்ததே. அது ஏன்? வெற்று வண்டி, சமதரை. ஆய்வாளர் சோதித்ததும் அப்படி நின்ற வண்டியைத்தான்.

பூங்கோதையிடம், அன்றைக்கு ஏற்றியிருந்த அளவு உரிக்காத தேங்காயைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை அவர். "ஏத்துங்கப்பா, அண்ணன் சொல்றாருல்ல" என்று களத்து ஆட்களிடம் சொல்லிவிட்டு, தானும் கூடையைத் தூக்கினார். வாகன ஆய்வாளரை நேரில் போய்ப் பார்த்தேன். அவர் நியாயமான மனிதர்.

"நான் டெஸ்ட் பண்ணப்ப நல்லாத்தானே எரிஞ்சுது?" என்றார்.

"நின்ன வண்டியில எரிஞ்சுது சார். பாரம் ஏத்தி, அதே பாலத்துல ஒரு தடவை பாருங்க. எரிஞ்சா நான் இதுக்கு மேல பேசல."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாலத்தில் கூடினோம். உரிமம் இல்லாததால் முருகையன் ஓட்டக்கூடாது. பூங்கோதையின் இன்னொரு டிரைவர் ஓட்டினார். ஆய்வாளர் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வானம் மூடியிருந்தது, தூறல். சாலைக்கு இரண்டு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நான் பாலத்துக்கு இந்தப் பக்கம், லாரிக்குப் பின்னால் சாலை நடுவில் நின்றேன். முருகையன் என் பக்கத்தில் நின்றார்.

பாலத்தின் வாயில் சாலை ஒரு பக்கமாக இறங்கிக் கிடந்தது. லாரியின் முன்சக்கரங்கள் பாலத்தில் ஏறின. பின்சக்கரங்கள் பள்ளத்தில் இருந்தன. பாரத்தில் வண்டி முறுக்கிக்கொண்டு முனகியது. டிரைவர் பிரேக்கை மிதித்து வலது இண்டிகேட்டரைப் போட்டார்.

இடது பக்கத்தில் சிவப்பு எரிந்தது. வலது பக்கம் இருட்டு.

"இங்க அடிக்குது" என்று உள்ளேயிருந்து ஆய்வாளர் குரல் கொடுத்தார்.

"இங்க அடிக்கல சார்" என்றேன்.

அவர் இறங்கி ஓடிவந்தார். வந்து பார்த்தார். திரும்ப ஓடிப்போய் ஏறிப் பச்சை விளக்கைப் பார்த்தார். மறுபடி பின்னால் வந்தார். லாரி நான்கடி முன்னால் நகர்ந்து பின்சக்கரமும் பாலத்தில் ஏறியதும் முறுக்கு விட்டது. வலது விளக்கு ஒன்றும் நடக்காதது போல எரிய ஆரம்பித்தது. பின்னால் எடுக்கச் சொன்னோம். அணைந்தது. முன்னால் எடுக்கச் சொன்னோம். எரிந்தது. மூன்று முறை. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தபடி நின்றார்கள். முருகையன் சாலையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "போட்டேன், போட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் பாலத்து வாயில் இருந்த பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இந்தப் பள்ளத்துல, இந்தப் பாரத்துல, அந்த நாலடி தூரம் மட்டும்" என்றார் மெதுவாக. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கடிக்குள்தான் முருகையன் கை சுவிட்சுக்குப் போயிருக்கிறது, தினேஷின் கண் விளக்கைப் பார்த்திருக்கிறது. மறுபடி அது எரிந்தபோது அவர் பார்வை முந்தப்போகும் வழியில் இருந்திருக்கும்.

வண்டியை ஓரமாக நிறுத்தி அடியில் படுத்துப் பார்த்தேன். மரத்தில் பின்பக்கம் கட்டியபோது, மரம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் வலது விளக்கிலிருந்து ஒரு தனி வயர் இழுத்துச் சட்டத்தில் முடுக்கியிருந்தார்கள். வயரின் நுனியில் உள்ள பித்தளை வளையம் விரிசல் விட்டிருந்தது. இரண்டு துண்டும் ஒன்றையொன்று சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. சட்டம் முறுக்கினால் நடுவே ஒரு தலைமுடி கனத்துக்கு இடைவெளி. அவ்வளவுதான். ஆய்வாளரும் சட்டை நனைய என் பக்கத்தில் படுத்து அதைப் பார்த்தார்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத எனக்குக் கூச்சம் இருந்திருக்காது.

இந்த ராணுவ லாரியில் முதலில் இருந்த பழைய ஃபிளாஷர் ஒரு விசேஷமான சாமான். முன்னும் பின்னும் இரண்டு பல்பும் எரிந்தால்தான் அது டக் டக் என்று அடிக்கும். ஒன்று எரியாவிட்டாலும் அடிக்காமல் நின்றுவிடும். டிரைவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்த லாரியில் இப்போது இருந்தது புது மாதிரி. பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஒரே சீராக அடிக்கும். ஏழு மாதத்துக்கு முன்னால் அதை மாட்டியது நான்தான்.

அன்று முருகையன் என் கடைக்கு வந்து சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "சார், வலது இண்டிகேட்டர் சில நேரம் அடிக்காம அப்படியே நின்னுடுது." நான் எப்போது என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்கவில்லை. பாரம் இருந்ததா என்று கேட்கவில்லை. ஃபிளாஷர் பழசாகிவிட்டது என்று கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டினேன். ஐந்து நிமிஷ வேலை. அந்தப் பழைய ஃபிளாஷர் கெடவே இல்லை. பின்னால் எர்த் விட்டுப்போகிறது என்று அது ஒவ்வொரு தடவையும் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னதைத்தான் நான் பிடுங்கிப் போட்டேன்.

லாரிக்கு அடியிலிருந்து எழுந்து இதை ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"வளையம் உடைஞ்சது போதும் சார், டிரைவர் மேல தப்பில்லன்னு எழுத. ஃபிளாஷர் கதை எதுக்கு?"

"அதையும் எழுதிக்குங்க. மாத்துனது ஆரோக்கியசாமின்னு என் பேரும் போட்டுக்குங்க."

எழுதினார். படித்துக் காட்டினார். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். ஈரத் தாளில் மை கொஞ்சம் பரவியது.

அந்த அறிக்கைக்குப் பிறகு முருகையன் மேலிருந்த வழக்கு நிற்கவில்லை. உரிமமும் திரும்ப வந்தது. என்மேல் யாரும் வழக்குப் போடவில்லை. பூங்கோதையும் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து என் கடையில் பின்விளக்கு வேலை என்றால் பாரம் ஏற்றித்தான் பார்க்கவேண்டும் என்று வைத்தேன். வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கலையரசி இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறாள், கருவியைச் சொருகிய பிறகும்.

பாலத்தில் பார்த்த அன்று மாலையே முருகையனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வர மாட்டேன் என்றார், இழுத்துக்கொண்டு போனேன்.

தினேஷிடம், "தம்பி, நீங்க பார்த்தது சரி. இடது பக்கம் மட்டும்தான் எரிஞ்சுது. இன்னைக்குக் கண்ணால பார்த்துட்டோம்" என்றேன். அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்து காதில் இறங்கியது. கால் முறிந்தபோதுகூட அழாதவன் என்று அவர் அப்பா பிறகு சொன்னார்.

அப்பா என்னைக் கேட்டார். "அப்ப தப்பு யாரோடது?"

"முதல்ல உடைஞ்சது ஒரு வளையம். அது உடைஞ்சிருக்குன்னு தெரியாம மறைச்சது நான்" என்று ஃபிளாஷர் விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் முகம் இறுகியது. என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த முக்காலியைக் காலால் இழுத்து, கதவோரம் நின்றிருந்த முருகையன் பக்கம் தள்ளினார்.

முருகையன் அதில் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் போட்டேன் தம்பி" என்றார்.

"எரியலண்ணே" என்றார் தினேஷ்.

"பாலத்துல ஏறும்போதே போட்டுட்டேன். கண்ணாடியில உங்களைப் பார்த்தேன், தூரத்துல வந்தீங்க."

"ஹாரன் அடிச்சேனே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இடம் விடச் சொல்றீங்கன்னு நெனைக்கல. நான் திரும்புறது தெரிஞ்சு அடிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"நான், நீங்க ஓரங்கட்டி வழி விடுறீங்கன்னு நெனச்சேன்."

இப்படியே இருவரும் பேசிக்கொண்டு போனார்கள். ஒருவர் முன்னாலிருந்து, ஒருவர் பின்னாலிருந்து. எந்த இடத்தில் கியர் மாற்றினார், எந்த இடத்தில் இவர் வேகம் எடுத்தார், ஸ்டியரிங் எப்போது திரும்பியது, சத்தம் எப்போது கேட்டது என்று ஒவ்வொன்றாக. அந்த ஒரு கணம் ஒரு வாரமாக இரண்டாகப் பிளந்து கிடந்தது. என் கண் முன்னால் அது ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு நடுவில் கோபம் என்று எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்பா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சொல்ல வந்த நர்ஸும் கதவைப் பிடித்தபடி கேட்க ஆரம்பித்தார்.

எனக்கு அங்கே செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் கிளம்ப மனம் வரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.